‘சும்மா திரியிறான்’ என்று ஊர் சொல்லும் பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவர்களுக்கு

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமானாலும் சரி, அந்தப் பக்கமானாலும் சரி, ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று கேட்டுப் பாருங்கள். நாலு பையன்களைக் கை காட்டி “அவன் சும்மா திரியிறான் சார்” என்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டவன், பிளஸ் டூவில் ஒரு பாடம் போனவன், திருப்பூர் போய் மூன்றே மாதத்தில் திரும்பியவன், பட்டம் வாங்கிவிட்டு செல்போனோடு படுத்திருப்பவன் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்.

இவர்களோடு வேலை செய்ய ஆசைப்பட்டுப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு, கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்கள் உண்டு, ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்களும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் ஒன்பது வருடமாக நான் இதைச் செய்துவருகிறேன். பெரும்பாலும் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கடலின் காலண்டர்

நான் வைத்த முதல் பயிற்சி வகுப்பு ஜூன் மூன்றாம் வாரத்தில். மே மாதம் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். இரண்டாம் நாள் வந்தவர்கள் 3 பேர். பையன்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பிறகுதான் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தடைக்காலம் முடிஞ்சு படகு கிளம்பின வாரத்துல யாரு தம்பி வகுப்புக்கு வருவா?” கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அவர்கள் பெயர் கொடுத்தபோது படகெல்லாம் கரையில் கிடந்தது. நான் வகுப்பைத் தொடங்கியபோது படகும் கடலில், பையன்களும் கடலில்.

மற்ற மாதங்களிலும் கணக்கு இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்களில் நாட்டுப்படகு என்று முறை. வாடைக் காற்று மாதங்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அடங்கியிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். சாயல்குடிப் பக்கம் போனால் பதநீர் சீசன், மிளகாய் பறிப்பு, கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது என்று வேறு கணக்கு. ஆகவே முதல் வேலையாக, நீங்கள் போகும் ஊருக்குப் பன்னிரண்டு மாதக் காலண்டர் ஒன்றைக் கையால் போடுங்கள். நாலு பேரிடம் கேட்டால் போதும். அதைப் போட்டு முடிக்கும்போது, ‘சும்மா திரிகிறவன்’ வருடத்தில் நூறு நாளாவது ஐஸ் உடைத்தோ, வலை இழுத்தோ, மூட்டை தூக்கியோ இருக்கிறான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த நூறு நாளை யாரும் வேலை என்று கணக்கில் வைத்துக்கொள்வதில்லை, அவன் உட்பட.

போய் நிற்பது

ஊருக்குள் கால் வைக்கும் முன் ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை என்று அந்தந்த ஊருக்கு யாரோ அவர்களிடம் ஒரு தடவை போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்ட மாதிரியும் ஆச்சு, நாளைக்குப் ‘புள்ள பிடிக்கிறவன்’ என்ற பேச்சு வராமலும் இருக்கும்.

அப்புறம், சமுதாயக் கூடத்தில் கூட்டம் போடாதீர்கள், நோட்டீஸ் ஒட்டாதீர்கள். கூட்டத்துக்கு வருகிற பையனுக்கு உங்கள் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. தேவைப்படுகிறவன் வலை பின்னும் கொட்டகையிலோ, கிரிக்கெட் ஆடும் பொட்டலிலோ, படகுத்துறைத் திண்டிலோ உட்கார்ந்திருப்பான். அங்கே போங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். மழை பெய்தாலும் போங்கள், யாரும் இல்லாவிட்டாலும் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே நிறையப் பேர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தானா என்பதைத்தான் முதல் ஒன்றரை மாதம் அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அதுவரை கையில் எந்தப் படிவமும் கொண்டுபோகாதீர்கள்.

“ஏன் வேலைக்குப் போகல?” என்று கேட்காதீர்கள். அது அவன் அப்பா தினமும் கேட்கிற கேள்வி. நான் கேட்பது, “நேத்து என்ன பண்ணே?” எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான், எப்போது தூங்கினான். இந்த ஒரு கேள்வியில் பாதி கதை வந்துவிடும். விடிய மூன்று மணி வரை போன், பதினோரு மணிக்கு எழுவது, அப்பா கரைக்கு வரும் நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புவது. சிலரிடம் ஆன்லைன் விளையாட்டில் விட்ட கடன் இருக்கும். சிலர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ இலங்கைச் சிறையில் இருப்பார், படகும் போயிருக்கும். அந்த வீட்டுப் பையனிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசினால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

இன்னொன்று. ராமேஸ்வரத்துக்காரர் என்பதால் எடுத்த எடுப்பில் கலாம் பெயரைச் சொல்லி உசுப்பேற்றும் வழக்கம் இங்கே எல்லா மேடையிலும் உண்டு. பையன்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். எனக்கு அவர் கதையில் பிடித்தது ராக்கெட் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. பத்திரிகை விநியோகித்த உறவுக்காரர் சம்சுதீன் அந்தச் சிறுவனைக் கூட வைத்துக்கொண்டு கூலி கொடுத்தார். நம் வேலை அந்த சம்சுதீன் செய்த வேலைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கண்ணில் படாத பெண் பிள்ளைகள்

பொட்டலிலும் படகுத்துறையிலும் பெண்களைப் பார்க்க மாட்டீர்கள். அதனால் பலருடைய பட்டியலில் அவர்கள் இருக்கவே மாட்டார்கள். பத்தாவதோடு நின்று நண்டு கம்பெனிக்குப் போகிறவள், அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகிறவள், கீழக்கரையில் பட்டம் முடித்துவிட்டு வீட்டிலேயே இருப்பவள் என்று பலர் உண்டு. இங்கே வாசல் அம்மாதான். ஒரு பெண் ஊழியர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். தையல் பயிற்சி என்று உடனே சொல்லிவிடவும் வேண்டாம், ஒரு தெருவுக்கு எத்தனை தையல்காரர் வேண்டியிருக்கும்?

கணக்கு எழுதுவது, மருந்துக்கடை, ஆய்வுக்கூட உதவி, வீட்டிலிருந்தே செய்யும் கணினி வேலை இவற்றையும் பேசுங்கள். அரசு நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், நேர்காணலுக்குப் போய்வரும் செலவு பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. கூட யார் போவது என்பதுதான் பிரச்சினை. இரண்டு பெண்களைச் சேர்த்து அனுப்புங்கள். நான் பார்த்தவரை ஒருத்தியாக அனுப்பிய இடங்களில் பாதி நின்றுபோனது.

உடம்பு, மனசு, வீடு

ஒரு பையன் ஒன்பதாவதோடு நின்றவன். ‘படிப்பு ஏறல’ என்று வீட்டிலேயே முத்திரை குத்தியிருந்தார்கள். பஸ் வரும்போது பெயர்ப் பலகையைப் படிக்காமல், பக்கத்தில் நிற்பவரிடம் “இது எங்கிட்டுப் போகுது?” என்று கேட்டான். சந்தேகப்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தோம். பவர் நன்றாகவே கூடியிருந்தது. ஏழாவதிலிருந்தே அவனுக்குக் கரும்பலகை தெரிந்ததில்லை. அதிலிருந்து யாரைச் சேர்த்தாலும் முதல் மாதத்தில் கண், பல், காது, ரத்தம் நான்கையும் பார்த்துவிடுகிறேன். பல்லில் ஹான்ஸ் புகையிலைக் கறை ஏறியவன் வாயை மூடிக்கொண்டே பேசுவான். நேர்காணலில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மனசு விஷயத்தில் நீங்கள் மருத்துவர் ஆகிவிடாதீர்கள். வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, யாரோ பேசுவது காதில் கேட்பதாகச் சொல்வது, ‘இருந்து என்ன பண்ணப்போறேன்’ என்ற மாதிரிப் பேச்சு, இவற்றில் எது தென்பட்டாலும் நாள் தள்ளக் கூடாது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். சில குடும்பங்கள் பிள்ளையை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவார்கள். அதைத் தடுத்துச் சண்டை போடாதீர்கள். துவாவும் நடக்கட்டும், மாத்திரையும் சேரட்டும் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் கட்டிப் போட்டு வைக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

வீட்டுக்கும் ஒரு தடவையாவது போக வேண்டும். அம்மாவிடம் பையனைப் பற்றிக் குறை கேட்கப் போகாதீர்கள். அவன் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சின்ன வேலைகள், ஒவ்வொன்றாக

தன்னம்பிக்கை வகுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. மைக்கில் கத்துகிறவர் போனதும் அது போய்விடும். அதற்குப் பதிலாக, முடிக்கக்கூடிய சின்ன வேலையாகக் கொடுக்கிறேன். வங்கியில் தானே போய்க் கணக்கு தொடங்குவது. தனியாக ராமநாதபுரம் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேட்டு வருவது. சிறுவர்களுக்குக் கிரிக்கெட் போட்டி நடத்தி வரவு செலவு எழுதுவது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி இருக்கிறது. அங்கே பேசுகிறவர்கள் எல்லாம் அவன் ஊர்க்காரர்கள்தான். அதைக் கேட்டு ஒரு விஷயம் குறித்து வரச் சொல்லலாம்.

இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். முதல் தடவை அலுவலகத்தில் நான் பேசுவேன், அவன் பக்கத்தில் நிற்பான். இரண்டாம் தடவை அவன் பேசுவான், நான் பக்கத்தில் நிற்பேன். மூன்றாம் தடவை நான் வெளியே டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். நாலாம் தடவை நான் ஊரிலேயே இல்லை. இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினால் அவன் பாதியில் திரும்பிவிடுவான்.

அவனுக்குத் தெரிந்ததையே அவனுக்கு எடுத்துச் சொல்வதும் இதில் சேர்த்தி. நடுக்கடலில் நின்ற எஞ்சினைக் கழற்றி மாட்டியவன் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்பான். ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் சுற்றும் பையன்கள் வடநாட்டு யாத்ரீகர்களிடம் கேட்டுக் கேட்டே நன்றாக இந்தி பேசுகிறார்கள். அதைத் தகுதி என்று அவர்கள் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. உட்காரவைத்து எழுத வையுங்கள்.

காகிதக் கட்டு

இதுதான் சலிப்பான வேலை, இதில்தான் பலர் தோற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை வாங்கிக் கொடுங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், மீனவர் அடையாள அட்டை இருந்தால் அதுவும். கடல் காற்றில் வெறும் காகிதம் நிற்காது.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஆறு பேருக்கு இருக்காது, இது என் நோட்டுக் கணக்கு. பத்தாம் வகுப்புப் பட்டியலில் இருப்பதையே ஆதாரமாக வைத்து மற்றதை இ-சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் திருத்துங்கள். வேலை கிடைத்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், ஆள் எடுக்கும் நாளன்று அதுவே தடுக்கும்.

பத்தாவது முடிக்காதவன் என்றால் தனித்தேர்வராக எழுதலாம், பதினாலரை வயது நிரம்பியிருந்தால் போதும். எட்டாவதே இல்லையென்றால் அதற்கும் தனித்தேர்வு இருக்கிறது. தோற்ற பாடத்துக்குத் துணைத் தேர்வு. கல்லூரி போகாதவனுக்குப் பத்தாவது எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கரையில் அதற்குப் பளிச்சென்று ஒரு பதில் உண்டு: பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்ற வகையில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும். தேறியவருக்கு அந்தத் தடை இல்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் இதைச் சொன்னதும் புத்தகத்தைத் தேடுகிறார்கள்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காகிதம் வேறு மாதிரி. குடியுரிமை இல்லாததால் அரசு வேலை, இந்திய பாஸ்போர்ட் இரண்டும் முடியாது. அவர்களுக்கு ஆசை காட்டும் முன் இதை நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். தனியார் வேலை, தொழில் பயிற்சி வழிகளை முதலிலேயே பேசுங்கள்.

எந்த வேலை

கடலை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் முன்னேற்றம் என்று நினைத்து வராதீர்கள். கடல்தான் வேண்டும் என்கிறவனும் இருக்கிறான். அவனுக்கு மத்திய அரசின் சிஃப்நெட் என்ற மீன்வளப் பயிற்சி நிறுவனம் சென்னைப் பிரிவில் படகு செலுத்துதல், கடல் எஞ்சின் பொருத்துநர் ஆகிய இரண்டு வருடப் படிப்புகளை நடத்துகிறது. பத்தாவதில் கணக்கும் அறிவியலும் வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, கூண்டில் மீன் வளர்ப்பதை அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மிதவையில் பாசி வளர்த்தால் 45 நாளில் அறுவடை, ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மிதவை தாங்காது. அந்த மாதங்களுக்கு என்ன வருமானம் என்று முதலிலேயே கேளுங்கள்.

கரையிலேயே இருக்க விரும்புகிறவனுக்கு என் முதல் சிபாரிசு ஐடிஐ. எட்டாவது முடித்தவர்கள் சேரக்கூடிய வெல்டர் மாதிரிப் பிரிவுகளும் உண்டு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையனென்றால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், பெண்ணென்றால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே கேளுங்கள். ஏசி, வயரிங், படகு எஞ்சின் தெரிந்த ஆளை ராமேஸ்வரம் விடுதிகளும் ஐஸ் கம்பெனிகளும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வரத் தொடங்கிவிட்டது.

சீருடை ஆசை உள்ளவர்களிடம் முதலில் வயதைக் கேளுங்கள். கடலோரக் காவல்படையில் நாவிக் என்ற மாலுமிப் பணியில் ‘டொமஸ்டிக் பிராஞ்ச்’ பிரிவுக்குப் பத்தாவது போதும், பொதுப் பணிக்கு பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். இரண்டுக்கும் வயது 18 முதல் 22, சில பிரிவினருக்கு மட்டும் தளர்வு. 23 வயதில் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம், அதனால் பதினேழிலேயே சொல்லி வையுங்கள். வழக்கு இருந்தால் கதவு மூடிவிடும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். ‘ஒரு நடை போய்ட்டு வா, இவ்வளவு தரேன்’ என்று கடத்தலுக்குக் கூப்பிடும் ஆட்கள் இந்தக் கரையில் உண்டு. கடல் அட்டை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம், அதைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு. கூப்பிடுகிறவன் மாட்ட மாட்டான், தூக்கிக்கொண்டு போகிற பையன்தான் மாட்டுவான்.

வெளிநாடு என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும். லட்சக்கணக்கில் கேட்டாலும், விசிட் விசாவில் போகச் சொன்னாலும் வேண்டாம். கம்போடியா, மியான்மர் பக்கம் ‘கணினி வேலை’ என்று கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்த கதைகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேளுங்கள்.

முதல் வேலையாகவே கடன் வாங்கித் தொழில் தொடங்க வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன்கள் இருக்கின்றன, நல்லவைதான். இரண்டு வருடம் இன்னொருவர் கடையில் நின்றுவிட்டு வரட்டும்.

முதல் தொண்ணூறு நாள்

ஆள் வேலைக்குப் போய்விட்டால் நம் வேலை முடிந்தது என்று பலர் பெயரை அடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நம் பையன்கள் கம்பெனியை விட்டு ஓடிவருவதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்த பெரிய காரணம் சம்பள முறை. கடலுக்குப் போனால் கரைக்கு வந்து மீன் விற்றதும் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கணக்குப் பார்த்துப் பங்கைக் கையில் கொடுத்துவிடுவார். கம்பெனியில் முப்பது நாள் காத்திருக்க வேண்டும், முதல் மாதம் நாற்பது நாள்கூட ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் ரீசார்ஜுக்கும் பணம் இருக்காது, கேட்க வெட்கம், இரவோடு இரவாக பஸ் ஏறிவிடுவான். அதனால் கிளம்பும்போதே நாற்பது நாள் செலவுக்கு ஒரு கணக்குப் போட்டு, வீடும் நீங்களுமாகச் சேர்ந்து ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு போன், பத்தாம் நாள் ஒரு போன், சம்பள நாளன்று ஒரு போன். மேற்பார்வையாளர் திட்டியதும், விடுதிச் சாப்பாட்டில் மீன் இல்லாததும் இந்தப் போன்களில்தான் வெளியே வரும். ஏர்வாடி சந்தனக்கூடு, ஊர்த் தேர் மாதிரி நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு கேட்கச் சொல்லிக் கொடுங்கள். கேட்காமல் வந்தவன் திரும்பிப் போவதில்லை.

திரும்பியே வந்துவிட்டால்? திட்டாதீர்கள், ‘உனக்காக எவ்வளவு’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதே கிழமை, அதே நேரம் அதே படகுத்துறையில் போய் உட்காருங்கள். “நேத்து என்ன பண்ணே?” என்னிடம் மூன்றாவது வேலையில்தான் நிலைத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

எழுதி வைப்பதற்கு ஒரு நோட்டு போதும். அதில் முக்கியமான பத்தி, ‘அடுத்து எப்போது வருவேன் என்று சொன்னேன்’. அதைத் தவறவிடாதீர்கள். பையன்களை நிறுத்திப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். ஊரில் அது ‘ஒண்ணுக்கும் உதவாதவன்’ பட்டியல் மாதிரி ஆகிவிடும்.

அந்தக் கண்ணாடிப் பையன் பத்தாவதை இரண்டு தடவையில் தேறி, வெல்டர் முடித்து, இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். முதல் சம்பள நாளன்று நான் கூப்பிடும் முன் அவனே கூப்பிட்டான். “அண்ணே, மெசேஜ் வந்துருச்சு. ஆனா பிஎஃப்னு என்னமோ பிடிச்சுட்டாங்க, ஏமாத்துறாங்களாண்ணே?” அது அவன் பணம்தான், அதே அளவு கம்பெனியும் போடும் என்று இருபது நிமிடம் சொன்னேன். யூஏஎன் என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் கொடுப்பார்கள், எந்தக் கம்பெனி மாறினாலும் அதே எண்தான், எழுதி வைத்துக்கொள் என்றேன்.

“எங்கண்ணே எழுத?”

“ஆதார் ஜெராக்ஸ் பின்னாடி எழுதி அந்தப் பைக்குள்ள வை.”